ஆம்பூர்த் தோல் சிவக்கவில்லை

1

ஆம்பூரிலிருந்து யார் கடிதம் போட்டாலும், நலம் விசாரித்து முடித்த அடுத்த வரியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. "தோலைப் பற்றிப் படிக்க அவ்வளவு தூரம் எதற்கப்பா போனாய்? நம் ஊர் ஸ்டேஷனில் இறங்கி மூச்சு விட்டால் போதாதா?" கேட்பவர்கள் பேரில் எனக்குக் கோபம் இல்லை. கப்பல் ஏறிய அன்றைக்கு நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே, இங்கே நான் என்ன செய்கிறேன் என்பதை இந்த முறை விவரமாகவே எழுதிவிடுகிறேன். சமீபத்தில் நடந்த ஒரு சங்கதியும் இருக்கிறது. அதைச் சொன்னால் படிப்பும் புரியும், எங்கள் வீட்டு நிலவரமும் புரியும்.

நான் இருப்பது வட இங்கிலாந்தில், கம்பளி மில்களின் புகை படிந்து கறுத்துப் போன ஓர் ஊர். இங்குள்ள சர்வகலாசாலையில் ரசாயன எஞ்சினீயரிங் இலாகா என்று ஒன்று உண்டு. சோப்பு, சாயம், நிலக்கரி எண்ணெய் என்று ஆளுக்கு ஒரு சங்கதியைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். கோடியில் உள்ள அறை தோலுக்கு. மற்றவர்கள் எங்கள் கதவைத் தாண்டும்போது சற்று வேகமாக நடப்பார்கள். வெள்ளைக்காரன் முகத்தைச் சுளிக்காமலே மூக்கை மட்டும் சுளிக்கக் கற்றவன். அது ஒரு தனி வித்தை.

வியாழக்கிழமை தோறும் மாலையில் செமினார். அப்படி என்றால், ஆராய்ச்சி செய்கிறவர்களில் ஒருவன் எழுந்து நின்று, தான் கண்டதை எல்லாம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்டுவிட்டு அதில் ஓட்டை தேட வேண்டும். அதற்கு முன்னால் தேநீரும் பிஸ்கட்டும். இலாகாவில் உள்ளவர்களுடைய மனைவிமார் முறை வைத்துக்கொண்டு வந்து தேநீர் ஊற்றுவார்கள். எங்கள் புரொபஸர் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்தால் தொலைந்தோம். பேசி முடித்ததும் கண்ணைத் திறந்து, "எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்பார். அந்தச் சின்ன சந்தேகத்தில் போன வருஷம் ஒருவன் படிப்பையே விட்டுவிட்டு வங்கி வேலைக்குப் போய்விட்டான்.

இன்னொன்றும் இங்கே வந்துதான் கற்றேன். இவர்கள் "ரொம்ப சுவாரசியமாக இருக்கிறது" என்று சொன்னால் தேறவில்லை என்று அர்த்தம். "பரவாயில்லை" என்றால் பிரமாதம். இது தெரியாமல் முதல் வருஷம் முழுவதும் நான் தலை நிமிர்ந்து நடந்தேன்.

எனக்கு உபகாரச் சம்பளம் தருவது தோல் வியாபாரிகளின் ஒரு சங்கம். அது இந்த வசந்த காலத்தோடு முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் நீடித்தால் பட்டம் கையில் வரும். நீடிக்காவிட்டால், பட்டமும் இல்லாமல், பாதி ஆராய்ச்சியோடும் முழுப் பெட்டிகளோடும் நான், என் மனைவி எஸ்தர், ஆறு வயது மகள் லில்லி மூவரும் கப்பல் ஏற வேண்டியதுதான். ஊரில் "பெயிலாகித் திரும்பிட்டான்" என்பதைச் சொல்ல ஆள் தேடவேண்டியதில்லை. செமினாரில் நான் பேசுவதைக் கேட்டபிறகு முடிவு சொல்வதாகச் சங்கம் எழுதியிருந்தது.

2

என் ஆராய்ச்சி என்னவென்றால், நம் பக்கத்துத் தோல் ஏன் சிவக்கிறது என்பது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் வெயில் பட்டால் நாளடைவில் சிவந்து போகும். நம் ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததாலேயே யாரும் ஏன் என்று கேட்டதில்லை. கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் கொஞ்சம் ஊறவைத்தால் சிவப்பு தள்ளிப்போகும் என்பதும் தெரியும். எவ்வளவு போட்டால் எவ்வளவு நாள் தள்ளிப்போகும் என்று கேட்டால், ஷாப்பில் இருப்பவர்கள் கையை விரித்து, "அது கைப்பழக்கம்" என்பார்கள். நம் பக்கத்தில் தோல் பதனிடும் இடத்தை ஷாப்பு என்றே சொல்வார்கள் என்பதை மற்ற ஜில்லாக்காரர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஆராய்ச்சிக்குத் தோல் வேண்டுமே? என் தாய்மாமா ஞானமுத்து, ஆம்பூரில் காதர் சாகிப்பின் ஷாப்பில் மேஸ்திரி. அவருடைய மகள்தான் எஸ்தர். ஆகவே அவர் எனக்கு மாமனாரும் ஆகிறார். அவருக்கு எழுதினேன். "சந்தைக்கு எப்படிப் போடுவீர்களோ அப்படியே போட்ட ஆட்டுத் தோல் வேண்டும். கொஞ்சமும் விசேஷம் கூடாது" என்று அடிக்கோடிட்டே எழுதினேன்.

கட்டு வந்தது. வந்தது என்று சுலபமாக எழுதிவிட்டேன். துறைமுகத்திலேயே அதை நிறுத்தி வைத்துவிட்டு, இந்தத் தோலுக்குரிய ஆடு எந்த நோயும் இல்லாமல் செத்தது என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். ஆம்பூர் ஆட்டுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் எங்கே போவது? நான் ஓர் அலுவலகத்துக்கு எழுத, அவர்கள் இன்னொரு அலுவலகத்தைக் காட்ட, அங்கே இருந்தவர், "இதன் விலை என்ன?" என்று கேட்டார். "விலை இல்லை, மாதிரிச் சரக்கு" என்றேன். உடனே முகம் தெளிந்து, "மதிப்பு ஏதும் இல்லாத பொருள்" என்று ஒரு முத்திரையை ஓங்கிக் குத்திக் கொடுத்துவிட்டார். அந்த முத்திரையை மாமா பார்த்திருந்தால் அவரை ஊருக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

சாக்கைப் பிரித்தபோது லில்லி மூக்கைப் பொத்திக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். "உங்க தாத்தா ஷாப்பு வாசனைடி இது" என்றாள் எஸ்தர். "தாத்தா ஏன் இதுக்கு சென்ட் போடல?" என்று லில்லி கேட்டாள். கேட்டது தமிழில்தான். ஆனால் தமிழை எங்கேயோ வெளியூரில் வாங்கி வந்தது மாதிரிப் பேசுகிறாள். தெருவில் பால்காரனோடு பேசும்போது மட்டும் அவள் நாக்கு சொந்த வீட்டில் இருக்கிறது. அவளுடைய தமிழை நான் திருத்தப்போனால், என்னுடைய இங்கிலீஷைத்தான் அவள் திருத்துகிறாள்.

3

வெயிலில் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் இந்த ஊரில் வெயில் இல்லை. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டியதுதான். தோலை நாடா நாடாவாக வெட்டி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, ஜன்னலோரம் மாட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். கறுப்புக் காகிதத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே இருட்டு. வேலூர்க் கோட்டை மதில் மேல் சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம் போட்டால் போதும். அதற்கு ஈடாக, மின்சாரத்தில் வெயில் போல எரிகிற கரி விளக்கு ஒன்று வேண்டும் என்று மனுப் போட்டு, அந்த மனுவுக்கு உட்கமிட்டி போட்டு, கடைசியில் கண்ணைப் பறிக்கிற ஒரு விளக்கை அறையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

மற்ற ஊர்களிலிருந்து வரவழைத்த தோல்கள் அந்த விளக்கின்முன் மளமளவென்று சிவந்தன. மாமா அனுப்பிய தோல் மட்டும் அப்படியே இருந்தது. வெளிர் மஞ்சளாக, கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர்கள் மாதிரி ஒரு களையோடு தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். அசையவில்லை.

புரொபஸர் வந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "பரவாயில்லை" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆம்பூர்ப் பாலாற்றுத் தண்ணீரில் ஏதாவது விசேஷம் இருக்குமோ, மண்ணில் இருக்குமோ என்று தாமே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வியாழக்கிழமை செமினார் என்னுடையது என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஆட்கள் வரப்போவதாகவும் சொன்னார்கள்.

இன்னும் ஒரு வருஷம் நிச்சயம் என்று நம்பி, வீடு திரும்பும்போது எஸ்தருக்குக் கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனேன்.

4

வெட்டியதில் மீந்த தோல் துண்டு ஒன்றையும் அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். லில்லி தன் பொம்மைக்குச் செருப்பு வேண்டும் என்று தொந்தரவு செய்துகொண்டிருந்தாள். எஸ்தர் அதைக் கையில் வாங்கினாள். கத்தரிக்கோலை எடுக்கப் போனவள் நின்றுவிட்டாள். துண்டை விரலால் மடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க, இதையா லாபரட்டரில வெச்சிக்கினு இருக்கீங்க?"

"ஆமாம். ஏன்?"

"இது சந்தைக்குப் போற தோல் இல்லீங்க. கட்டுக்கு மேல வெக்கிற தோல்."

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். நம் பக்கத்தில் தோலைக் கட்டாகக் கட்டும்போது ரொம்ப அழகான தோல் ஒன்றை மேலே வைப்பார்கள். வாங்க வருகிறவனின் கண் முதலில் அதில் விழட்டும் என்று. வாங்குகிறவனுக்கும் அது தெரியும். அவன் மேல் தோலை மரியாதைக்குத் தடவிவிட்டு, நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்துத்தான் விலை பேசுவான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வருகிறவருக்கு நல்ல பாயைப் போடுவது மாதிரிதான்.

"கடுக்காய் எக்கச்சக்கமா ஏறி இருக்குது. தொட்டாலே தெரியுது. மஞ்சள பாருங்க" என்றாள் எஸ்தர். அப்புறம் சிரித்துவிட்டாள். "எங்கப்பா வேலைதான். பொண்ணு வூட்டுக்குப் போவுதுன்னு சீர் மாதிரி போட்டு அனுப்பிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாலுகா முழுக்க விசேஷமில்லாத தோல் போடத் தெரிந்த ஒரே மனிதர், எனக்கென்று கேட்டபோதுதானா விசேஷத்தைக் காட்ட வேண்டும்? எனக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பீர்கள். வேலூரில் இண்டர்மீடியட், சென்னையில் பி.ஏ. என்று நான் ஷாப்புக்கு வெளியிலேயே வளர்ந்தவன். தோலைக் கண்ணாடிக் குழாயில் கரைத்துப் பார்த்திருக்கிறேனே ஒழிய, கையால் மடித்துப் பார்த்ததில்லை.

"சொல்லாம வுட்டுட்டா இன்னா ஆவும்?" என்றாள் எஸ்தர்.

"இன்னும் ஒரு வருஷம் கிடைக்கும்."

"சொன்னா?"

"தோலே சரியில்லை என்று ஆகிவிடும். பெட்டி கட்ட வேண்டியதுதான்."

அவள் தோல் துண்டை மடித்து மேஜைமேல் வைத்தாள். பிறகு, "உங்க படிப்புக்கு எது நியாயமோ அதச் செய்ங்க. ஆனா எங்கப்பாவ மோசக்காரருன்னு ஒருத்தன் சொல்றாப்போல நீங்க பேசக்கூடாது. சொல்லிட்டேன்" என்றாள். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று கேட்டேன். "அதுக்குத்தானே படிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, கையுறையைப் போட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

5

வியாழக்கிழமை வந்தது. அன்றைக்குத் தேநீர் ஊற்றும் முறை எஸ்தருடையது என்பது, நடக்கவேண்டியது நடந்தே தீரும் என்பதற்கு அடையாளம். அரக்குக் கரை போட்ட புடவையும் புதுக் கையுறையுமாக வந்து, பின்வரிசைப் பக்கம் மேஜையருகில் நின்றாள். லில்லி பிஸ்கட் தட்டை ஏந்திக்கொண்டு எல்லாரிடமும் தெளிவான இங்கிலீஷில் உபசாரம் செய்தாள். தன் தகப்பன் என்ன பேசுகிறான் என்பதைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை.

நான் பேசினேன். சிவக்காத தோலைக் காட்டியபோது வியாபாரிகள் எழுந்து வந்து பார்த்தார்கள். பிறகு, "ஆனால் இந்தத் தோலில் வழக்கத்துக்கு மேல் கடுக்காய் ஏறியிருப்பதாகத் தெரிகிறது. ஆகவே இதைச் சாதாரண ஆம்பூர்த் தோல் என்று கொள்ள முடியாது" என்றேன். ஒருவழியாகச் சொல்லியாகிவிட்டது.

புரொபஸர் கண்ணைத் திறந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சங்கத்தின் தலைவர் எழுந்தார். வயதானவர், மீசை வாயை மூடியிருக்கும். நம் பக்கத்துத் தோலை ஆயுள் முழுதும் வாங்கி விற்றவர்.

"சாதாரணத் தோல் கேட்டு எழுதியதாகச் சொன்னீர்கள்?"

"ஆமாம்."

"வேறு தோல் வந்திருக்கிறது."

"ஆமாம்."

"எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் மோசடி. கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று. ஆனால் எனக்கு விளங்காதது இதுதான். மட்டமானதை அனுப்பி ஏமாற்றுகிறவனைப் பார்த்திருக்கிறேன். காசு வாங்காமல் உசத்தியானதை அனுப்பி ஏமாற்றுகிறவனைப் பார்த்ததில்லை. அந்த ஆளுக்கு இதில் என்ன லாபம்?"

அன்பு என்று சொல்ல வேண்டும். இங்கிலீஷில் அதற்கு வார்த்தை தெரியும். ஆனால் அந்த வார்த்தையை ரசாயன எஞ்சினீயரிங் இலாகாவில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பின்னாலிருந்து தேநீர்க் கூஜாவை மேஜைமேல் வைக்கும் சப்தம் கேட்டது.

"ஐயா, அவர் விற்கவில்லை" என்றாள் எஸ்தர். அவளுடைய இங்கிலீஷ் கடைத்தெருவில் கற்றது. சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் வரும். "அவர் என் அப்பா. நான் அவருடைய மகள். இது மகள் வீட்டுக்கு அனுப்பியது. மகள் வீட்டுக்குச் சாதாரணமானதை எப்படி அனுப்புவார்?"

வயதானவர் எஸ்தரைப் பார்த்தார், தோலைப் பார்த்தார். "என் பெண் கனடாவில் இருக்கிறாள்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, "எனக்கு இன்னும் கொஞ்சம் தேநீர் கிடைக்குமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் புரொபஸர் ஆரம்பித்தார். "எனக்கு ஒரு சின்ன சந்தேகம். கடுக்காய் அதிகமானால் சிவப்பு அறவே நின்றுவிடுகிறது என்றால், அது பெரிய விஷயம். உங்கள் மாமனார் எவ்வளவு போட்டார்?"

"தெரியாது" என்றேன்.

"தெரிந்துகொள்ளுங்கள்" என்றார் அவர். சங்கத்தாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஈஸ்டர் முடிந்து கூடும் கமிட்டிக்குள் கணக்கு வரவேண்டும், அதைப் பார்த்து முடிவு சொல்கிறோம் என்று போய்விட்டார்கள்.

6

மாமாவுக்கு எழுதினேன். கோபமில்லை என்றும், அவர் போட்ட கடுக்காயால் ஊருக்கே பெயர் வரப்போகிறது என்றும், எவ்வளவு போட்டார் என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றும் எழுதினேன். எஸ்தரும் கீழே ஒரு பத்தி சேர்த்தாள். பதில் ஒரு கார்டில் வந்தது. "எப்போதும் போடுகிற அளவுதான் போட்டேன். ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லில்லிக்கு என் ஆசீர்வாதம்."

"ஒப்புக்க மாட்டாரு" என்றாள் எஸ்தர். "சாகிப்போட கடுக்காய எடுத்துப் பொண்ணு வூட்டுக்குப் போட்டேன்னு எப்படி எழுதுவாரு? சாகிப் காதுல வுழுந்தா?"

அது நியாயம்தான். ஆனால் என் கதி? ஈஸ்டர் நெருங்கியது. நான் பெட்டிகளைக் கீழே இறக்கித் தூசி தட்டினேன். லில்லி என்னைப் பார்த்து, "ஆம்பூர்ல சூரியன் தினமும் வருமா?" என்று கேட்டாள். வரும் என்றேன். "ஞாயித்துக்கிழமை கூடவா?" என்றாள். கொஞ்சம் பயந்த மாதிரிதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரஹீம் வந்து சேர்ந்தான். காதர் சாகிப்பின் மகன். எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். லண்டனில் தோல் ஏலத்துக்கு வந்தவன், எங்களைப் பார்க்க ரயிலேறிவிட்டான். கதவைத் திறந்தால், காதுவரை கம்பளி சுற்றிக்கொண்டு நிற்கிறான்.

"இன்னாடா தோஸ்த், இது ஊரா ஐஸ் பெட்டியா? மனுசன் எப்படிடா இருக்கீங்க?"

எஸ்தர் அவனுக்குச் சோறு போட்டாள். ஊர்க் கதை எல்லாம் ஆனது. அவன் சாகிப்பின் பிள்ளை ஆயிற்றே, அவனிடம் எப்படிக் கேட்பது என்று நான் எஸ்தரைப் பார்க்க, அவள் என்னைப் பார்க்க, இதைக் கவனித்த ரஹீம், "இன்னா, ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கிறீங்க? ஜாஸ்தியா சாப்ட்டுட்டேனா?" என்றான்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ரஹீம் கேட்கக் கேட்க, சோற்றில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். முடித்ததும் வெடித்துச் சிரித்தான்.

"அட, அதுக்கு ஏண்டா உங்க மாமாவ பேஜார் பண்றீங்க? அவுரு எழுதுனது நெஜம்டா. அவுரு அளவாத்தான் போட்டாரு. நான் அங்கதானே இருந்தேன்."

"அப்ப கடுக்காய் எப்படி ஏறிச்சு?" என்றாள் எஸ்தர்.

"எப்படி ஏறும்? தனித் தொட்டில நம்ம எஸ்தரு வூட்டுக்குத் தோல் ஊறுதுன்னு ஷாப்பு பூரா தெரிஞ்சிபோச்சி. அந்தப் பக்கமா போறவன் எல்லாம், நிறம் தூக்கட்டும்னு சாக்குல கைவுட்டு ஆளுக்கு ஒரு பிடி போட்டுட்டுப் போனான். தண்ணி எடுக்கிற முனிசாமி போட்டான். பெருக்குற பவுனம்மா போட்டுச்சி. ஆலங்காயத்துலேந்து பட்ட ஏத்திக்கினு வர்ற வண்டிக்காரரு, எனக்கும் மேஸ்திரி பொண்ணத் தெரியுமேன்னு அவுரு ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டாரு. சாகிப், எங்க அத்தாவே, கணக்குப் பாத்துட்டுப் போனவரு திரும்பி வந்து போட்டாரு. நானும் போட்டேன்."

"அப்பா?"

"உங்கப்பாவா? தொட்டியாண்ட நின்னுக்கினு கத்திக்கினு இருந்தாரு. 'போடாதீங்கடா, மாப்ள விசேசம் கூடாதுன்னு கோடு போட்டு எழுதியிருக்காரு, அளவு கெட்டுடும்டா'ன்னு. யாரு கேட்டா? எங்க அத்தாவையே தடுக்க முடியுமா அவரால? அவுரு சாப்புடப் போன நேரத்துல இன்னும் ஜாஸ்தியா வுழுந்துது."

எஸ்தர் தட்டை எடுக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிப்பும்தான் இருந்தது.

"அத்தன பேரு முன்னாடி எழுந்து, எங்கப்பாதான் போட்டாருன்னு நான் சொல்லிட்டேன் அண்ணா" என்றாள் ரஹீமிடம். "அவுரு ஒருத்தருதான் ஒழுங்கா இருந்திருக்காரு." பிறகு, வேறு யார் யார் போட்டார்கள் என்று ஒவ்வொரு பெயராக அவனைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

7

மறுநாள் காலையில் நாங்கள் மூவரும் புரொபஸரின் அறைக்குப் போனோம். நானும் ரஹீமும் மட்டும் போவதாக இருந்தோம். எஸ்தர் கேட்கவில்லை. "நான்தான் சொன்னேன், நானேதான் மாத்திச் சொல்லணும்" என்று கிளம்பிவிட்டாள்.

"ஐயா, நான் உங்கள் செமினாரில் ஒரு தவறு சொல்லிவிட்டேன்" என்று அவள் நின்றபடியே ஆரம்பித்தாள். "என் அப்பா அதிகம் போடவில்லை. என் கணவர் கேட்டபடிதான் போட்டார். மற்றவர்கள் போட்டார்கள். அவர் வேண்டாம் என்றார். தயவு செய்து அதை எழுதிக்கொள்ள வேண்டும்."

புரொபஸர் சிரிக்கவில்லை. செமினார் குறிப்புகளை எடுத்து வரச்சொல்லி, அன்றைய பக்கத்தைப் பிரித்து, "மேஸ்திரி ஞானமுத்து வழக்கமான அளவே இட்டார், கூடுதலை அவர் தடுத்தார்" என்று எழுதி, அவளுக்குப் படித்தும் காட்டினார். பிறகு, "அப்படியானால் போட்டவர்கள் யார்?" என்று கேட்டார்.

எஸ்தர் சொல்ல, அவர் எழுதினார். முனிசாமியை எழுதுவதற்குள் பேனா இரண்டு தரம் நின்றது. பவுனம்மா வந்தபோது ரஹீம் எழுத்துக் கூட்டிச் சொன்னான். ஆலங்காயத்து வண்டிக்காரர் என்றதும், "அவருக்கு ஷாப்பில் என்ன வேலை?" என்று கேட்டார் புரொபஸர். பட்டை கொண்டுவருகிறவர் என்று நான் விளக்கினேன். "ரெண்டு கையால" என்பதையும் சேர்க்கச் சொன்னாள் எஸ்தர், அதையும் சேர்த்தார்.

"மொத்தம் எவ்வளவு விழுந்திருக்கும்?" என்று என்னைப் பார்த்தார்.

"அது யாருக்கும் தெரியாது" என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். பெட்டிகளில் எதை முதலில் வைப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். ரஹீம் மெதுவாக, "தூங்கிட்டாராடா?" என்றான்.

"தெரிந்த அளவு என்றால், உங்கள் மாமனார் ஒரு கார்டில் எழுதியதும் வேலை முடிந்திருக்கும்" என்றார் புரொபஸர் கண்ணைத் திறக்காமலே. "இது தெரியாத அளவு. ஒரு பிடியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பிடியாகப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குக் குறைந்து யாராலும் முடியாது. கமிட்டிக்கு நானே எழுதுகிறேன். சங்கத்துக் கிழவர் மறுக்க மாட்டார்."

நான் என்ன சொல்லி நன்றி தெரிவித்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ரஹீம் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தது மட்டும் ஞாபகமிருக்கிறது. வணக்கம் சொல்லிவிட்டுக் கதவு வரைக்கும் வந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால், எஸ்தர் மேஜைக்கு எதிரில் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

"ஐயா," என்றாள், "இன்னும் பெயர்கள் இருக்கின்றன."

புரொபஸர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டார்.